“ஒரு சின்ன பெனர்தான் தம்பி”: வளாக விழா வேலைக்கு இழுபடும் ஓவிய மாணவருக்கு

“ஒரு சின்ன பெனர்தான் தம்பி, ஒரு மணித்தியால வேலை.” கட்புலக் கலை படிக்கிற பிள்ளைக்கு வளாகத்தில் வருகிற அழைப்பெல்லாம் இந்த வசனத்தோடுதான் வரும். மூன்றாம் நாள் பெனர் மேடைத்திரையாக வளர்ந்திருக்கும். அதற்கடுத்த நாள் வரவேற்பு வளைவும் கூடச் சேரும். விழாவுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு யாராவது ஒரு அக்கா வந்து, குத்துவிளக்குப் பக்கத்தில் விபுலானந்தர் படம் ஒன்றும் இருந்தால் நல்லது என்பார்.

கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகமோ, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ, கதை ஒன்றுதான். தையில் பொங்கல், மார்ச் 8 மகளிர் தினம், மார்ச் 27 உலக நாடக தினம், வைகாசியில் வெசாக் கூடு, ஜூலை 19 விபுலானந்தர் நினைவு நாள், நவராத்திரியில் வாணி விழா, டிசம்பரில் ஒளிவிழா, நோன்பு காலத்தில் இப்தார். எல்லாவற்றுக்கும் கீறுவதற்கு ஆள் வேண்டும். இதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கினால் பெரிய துணியிலும் சுவரிலும் கை பழகும் வாய்ப்புப் போகும். வகுப்பறையில் அந்த அளவு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் செமஸ்டர் போகும். அளவு கேட்காமல் ஓம் சொல்லாதிருப்பதுதான் வழி.

முதற்சந்திப்பிலேயே அரைத் தாளில் எழுதி வாங்க வேண்டியவை இவை: எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்த மண்டபம், எத்தனையாம் திகதி எத்தனை மணிக்குத் தொங்க வேண்டும், பொருட்காசை யார் எப்போது தருவார், மாதிரிப் படத்துக்குச் சம்மதம் சொல்லும் ஆள் யார். கடைசிக் கேள்வியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் அல்லற்படுவார்கள். ஐந்து பேர் கொண்ட குழு சம்மதிப்பது என்று ஒன்று இல்லை. ஒரே ஒருவர் மாதிரிப் படத்தின் கீழ் கையொப்பம் வைக்கட்டும். அதன் பிறகு வருகிற “இந்த நிறத்தை மாத்தினா என்ன?” எல்லாம் அவரிடம் போகட்டும்.

வகுப்பு வரவைக் கணக்குப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு கேட்கும் பாடமென்றால், வாரம் ஒரு வகுப்பு வீதம் 15 வாரத்தில் 12 வகுப்புக்கு இருந்தாக வேண்டும். கையில் மிஞ்சுவது மூன்றே மூன்று. அதில் ஒன்று காய்ச்சலுக்கு. மாரி காலத்தில் டெங்கு இங்கே புதினமில்லை. இன்னொன்று வீட்டுக் காரியத்துக்கு. ஆக, ஒரு பாடத்தில் விழாவுக்குச் செலவழிக்கக்கூடியது ஒரு வகுப்பு. நிறுவகம் விடுவிப்புக் கடிதம் தரும் நிகழ்வென்றால் கடிதத்தை நிகழ்வுக்கு முன்னரே வாங்குங்கள். முடிந்த பிறகு அதைத் தேடி அலைவது தனி வேலை.

மேடைத்திரை

இப்போது பெரும்பாலும் பிளெக்ஸ் அடித்துத் தொங்கவிடுகிறார்கள். பளபளக்கும், லைற் பட்டால் வெள்ளையாகத் தெறிக்கும், படம் எடுத்தால் பேசுபவர் முகத்தை விடப் பின்னால் உள்ள அனுசரணையாளர் பெயர்தான் தெரியும். நாடகத்துக்கும் நடனத்துக்கும் துணித்திரைதான் சரி. 24 அடி அகலம், 12 அடி உயரம் என்று ஒரு சாதாரண மண்டப அளவை எடுத்துக்கொள்வோம்.

துணி: வெளுக்காத பருத்தி, 60 அங்குல அகலம். கிடையாக மூன்று பட்டி போட்டுத் தைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துத் தைத்தால் ஒவ்வொரு தையலும் மேலிருந்து கீழ்வரை சுருங்கி நிற்கும். கிடைத் தையலென்றால் துணியின் பாரமே அதை இழுத்து நேராக்கிவிடும். ஒரு பட்டிக்கு எட்டரை யார் வீதம் 26 யார் வாங்குங்கள். காத்தான்குடித் துணிக்கடைகளில் முழுச் சுருளாகக் கேட்டால் ஒரே சாயலில் கிடைக்கும். துண்டு துண்டாக வாங்கினால் ஒரு பட்டி மஞ்சளும் மற்றது சாம்பலுமாக நிற்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், ஜும்மா நேரம் கடை பூட்டியிருக்கும்.

தைப்பதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள். புதுத் துணியில் உள்ள கஞ்சி பெயின்ற்றை உள்ளே விடாது. அதோடு, முதல் ஈரத்தில் துணி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நான்கு ஓரமும் உள்ளே வளைந்து திரை தலையணை உறைபோல் உப்பி நிற்கும். பிறகு இழுத்துக் கட்டினாலும் போகாது.

மூன்று பட்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ 15 அடி உயரம் வரும். மேலே 3 அங்குல மடிப்பு, கீழே பைப் நுழைய 4 அங்குல மடிப்பு, தையல் ஓரம் எல்லாம் போக மிஞ்சும் துண்டை வெட்டி எறியாமல் வைத்திருங்கள். நிறம் பார்ப்பதற்கு அதுதான் தாள். மேல் மடிப்பில் அடிக்கு ஒன்றாக 25 நாடா. சேலைக்கரைக் கிழிசல் போதும், நைலோன் வேண்டாம். வழுக்கிக்கொண்டு முடிச்சு அவிழும்.

விரிப்பதற்கு 26 அடிக்கு 14 அடி நிலம் வேண்டும். பூப்பந்தாட்ட மைதானம் 44 அடிக்கு 20 அடி, தாராளம். கீழே பிறவுண் பேப்பர் விரியுங்கள். பத்திரிகைத் தாள் விரித்தால் மை துணிக்கு ஏறும். பொலித்தீன் விரித்தால் ஈரம் கீழே போக வழியில்லாமல் அங்கங்கே குளமாகத் தேங்கி, காய்ந்ததும் வட்ட வட்டக் கறை விழும். ஓரத்தில் இரண்டடிக்கு ஒரு செங்கல்.

அடிப்பூச்சுக்கு 4 லீற்றர் வெள்ளை எமல்ஷன், 2 லீற்றர் தண்ணீர், அரை லீற்றர் வெள்ளைப் பசை. பசையை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு எமல்ஷனில் ஊற்றுங்கள். நேரே ஊற்றினால் கட்டியாகும். நாலங்குலத் தூரிகையால் ஒரே ஒரு பூச்சு, துணியின் இழை தெரிகிற அளவுக்கு. மூடி மறைக்கிற அளவு தடிப்பாகப் பூசினால் திரையைச் சுருட்டும்போது வெடிக்கும். நாளை காலையில் தொட்டுப்பாருங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் மூன்று மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மார்கழியில் ஒரு இரவும் அடுத்த அரை நாளும் பிடிக்கும், அதுவும் மண்டபத்தின் இரண்டு பக்கக் கதவும் திறந்திருந்தால்.

மாதிரிப் படம் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது 24 அங்குலத்துக்கு 12 அங்குலத் தாளில் இருக்கட்டும். துணியில் அடிக்கு அடி கட்டம் போட மேசன்மார் செய்வதுபோல நூலில் கரித்தூள் தடவி இழுத்து அடியுங்கள். நீல மாவு வேண்டாம், அது வெள்ளை எமல்ஷனில் கலந்து வானம் முழுவதையும் நோயாளி நிறமாக்கும். மூன்றடித் தடியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, நின்றபடி கீறுங்கள். குந்தியிருந்து கீறினால் கை எட்டும் அளவுக்குத்தான் கண்ணும் எட்டும். எழுந்து பார்க்கும்போது முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கும். கீறி முடிந்ததும் பழந்துணியால் தட்டிவிடுங்கள். தங்கிய கரி மஞ்சளில் பட்டால் பாசி நிறம்.

விபுலானந்தர் படத்தோடு யாழ் கேட்பார்கள். வீணையைக் கீறிக் கொடுத்துவிடாதீர்கள். 27 மார்ச் 1892இல் காரைதீவில் பிறந்தவர், வாழ்வின் கடைசியில் 1947இல் வெளியிட்ட நூலே யாழைப் பற்றியது. அவர் சமாதி இருக்கும் கல்லடியில் வீணைக்கு யாழ் என்று பெயர் எழுதித் தொங்கவிடுவது நன்றாக இருக்காது. வீணையில் நரம்புகள் தண்டின் மேல் படிந்து மெட்டுகளைத் தாண்டி ஓடும். யாழில் மெட்டு இல்லை. வளைந்த கோட்டிலிருந்து (தண்டு) பத்தருக்கு (ஒலிப்பெட்டி) நரம்புகள் வெளியில் தனித்தனியாக இறங்கும். நரம்புகளுக்கு இடையால் பின்புறம் தெரிந்தால் யாழ் சரியாக வந்திருக்கிறது. (யாழ் ஏந்திய மீன்மகளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மட்டக்களப்பில் எந்தக் குழுவும் அவளை விடாது. ஒரு முறையாவது வால் செதிலைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.)

நிறம் கலக்க ஸ்டெயினர் (பெயின்ற்றில் கலக்கும் செறிந்த நிறம்) போத்தல் போதும். ஆனால் ஒரு லீற்றர் எமல்ஷனுக்கு 50 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றினால் பூச்சு ஒழுங்காக இறுகாது. நடனமாடும் பிள்ளையின் வெள்ளைச் சேலையில் சிவப்பு ஒட்டும். கடும் நிறம் வேண்டுமானால் அந்த நிறத்திலேயே பெயின்ற் வாங்க வேண்டும், வெள்ளையைக் கறுப்பாக்கப் பாடுபடக் கூடாது. எனாமல் பக்கமே போகாதீர்கள், மினுங்கும். தேவைக்கு மேல் கால் பங்கு கலந்து மூடியுள்ள வாளியில் வையுங்கள். இரண்டாம் தரம் கலக்கும்போது அதே நிறம் வராது.

கோடு அரை அங்குலத்துக்குக் குறைந்தால் பத்தாவது வரிசையில் அது இல்லை. எழுத்துக்குப் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று வைப்பது வழக்கம். 60 அடி மண்டபத்தில் 6 அங்குலம். தமிழுக்கு நாங்கள் 8 என்று சொல்வோம். மேலே புள்ளியும் சுழியும் கீழே உகரக் கொக்கியும் இடம் கேட்கும், நெருக்கினால் ‘ழ்’ வெறும் கறையாகத் தெரியும்.

மிச்சத் துண்டில் நிறங்களைத் தடவி, மண்டப லைற்றின் கீழ் பிடித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். சிவப்பு லைற் போட்டால் வெள்ளையில் கீறிய சிவப்புக் கோலம் மறைந்துபோகும். நீல லைற்றில் சிவப்பும் செம்மஞ்சளும் கறுக்கும். மாலை வானம் எரிந்த சட்டிபோல் இருக்கும். லைற் போடுபவரிடம் எந்தக் காட்சிக்கு என்ன நிறம் என்று முன்கூட்டியே கேளுங்கள். பழைய ஹலஜன் விளக்கென்றால் துணிக்கு நான்கடி தள்ளி, குத்துவிளக்கு மூன்றடி தள்ளி.

கூத்து வருகிறதென்றால் திரையே தேவையா என்று முதலில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரைக் கேளுங்கள். வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருந்து பார்க்க ஆடிய ஆட்டம் அது, பின்பக்கம் என்று ஒன்று அதற்கு இல்லை. மண்டபத்தில் ஆடினாலும் வடமோடிக் கூத்தில் வரும் அரசரின் கரப்புடுப்பும் (கூடுபோல் விரிந்து நிற்கும் உடை) முடியும் தாங்களே நிறமும் மினுக்கமும் கொண்டவை. அவற்றுக்குப் பின்னால் மாளிகையும் மரமும் கீறி வைத்தால் இரண்டும் அடிபடும். கடும் நீலத்திலோ மண் நிறத்திலோ வெறுந்திரை போதும். வேலையும் மிச்சம்.

தொங்கவிட முக்கால் அங்குல ஜி.ஐ. பைப், மூன்று 8 அடித் துண்டு, இடையில் பொருத்தச் சொக்கற். முழு நீளமாக எடுத்தால் பட்டா லொறியில் ஏறாது. கீழ் மடிப்புக்குள் பி.வி.சி. பைப்பில் மணல் நிரப்பி, இரு முனையும் அடைத்து நுழையுங்கள். முதலில் நடு நாடாவைக் கட்டி அங்கிருந்து இரு பக்கமும் போனால் சுருக்கம் விழாது. திறந்தவெளி மேடையென்றால் கடற்காற்று பின்னேரம்தான் வேகமெடுக்கும். காலையில் கட்டிப் பார்த்து “நல்லா நிக்குது” என்று போய்விடாமல் நான்கு மணிக்கும் ஒருவர் போய்ப் பாருங்கள்.

மாதிரிப் படத்தில் கையொப்பம் விழுந்த நாளிலிருந்து தொங்குவது வரை ஒன்பது நாள் கேளுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை பன்னிரண்டு.

சுவர்

சுவரோவியத்தில் கீறுவது பாதி வேலைதான், மிச்சம் உப்போடு போராட்டம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கட்டடத்தில் சுவர் ஈரத்தை உறிஞ்சி உப்பை வெளியே தள்ளும். மாசி முதல் ஆவணி வரைதான் இதற்குக் காலம். ஓரடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை. புதுச் சாந்து பூசிய சுவரென்றால் குறைந்தது நான்கு கிழமை பொறுங்கள். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போய் உங்கள் ஓவியத்தை உள்ளிருந்து தள்ளும். காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி, வேறிடத்தில் கொட்டுங்கள். அதன்மேல் சுவர்ப் பிரைமர். பிறகு வெளிச்சுவருக்கான எமல்ஷன். உட்சுவர் எமல்ஷன் மலிவு என்று அடித்தால் ஒரு மாரியிலேயே தூளாகும். 20 அடிக்கு 8 அடிச் சுவர் ஏறத்தாழ 15 சதுர மீற்றர். பூசிய சுவரில் ஒரு லீற்றர் 10 சதுர மீற்றர் வரை போகும் என்று வைத்தால் பின்னணி நிறம் இரு பூச்சுக்கு 3 லீற்றர். 4 லீற்றர் தகரம் ஒன்று எடுங்கள். நிலத்திலிருந்து ஓரடிக்கு ஓவியத்தைக் கொண்டுவராமல் கடும் நிறப் பட்டி ஒன்று விடுங்கள், மழைச் சேறு தெறிக்கும் இடம் அது.

கண்காட்சியும் அச்சும்

ஓவியத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 58 அங்குலத்தில் வரட்டும், சட்டம் பெரிதோ சிறிதோ. மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைக்க ஆசை வரும். சின்னப் படங்களைப் பார்ப்பவர் கழுத்து நோகும். ஒரு படத்துக்கு இரண்டு கொழுக்கி, ஒன்றில் தொங்கினால் காற்றாடியில் சரியும். ஒட்டும் ரேப்பை நம்பித் தாள் ஓவியத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள், ஈரக்காற்றில் இரவோடு விழும். மேசைக்கு விரிக்க மருதமுனைக் கைத்தறித் துணி இருந்தால் றெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) எழுத்துகளின் மலினத்தை அது கொஞ்சம் மறைக்கும்.

பெயர்ச்சீட்டும் அழைப்பிதழும் அச்சகத்துக்குப் போகும்போதுதான் பெரிய விபத்து. நீங்கள் கைபேசியில் அடிப்பது யுனிகோட். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு. ஒன்றை மற்றதில் ஒட்டினால் எழுத்து முழுவதும் பூச்சி புழுவாகும். அது கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். ஆபத்தானது பழைய வடிவமைப்பு மென்பொருள். ‘கொ’, ‘கோ’, ‘கை’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அவசரத்தில் பார்த்தால் சரிபோலவே இருக்கும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கொடுங்கள். அச்சடிக்க முன் ஒரு பிரதியைத் தாளில் எடுத்து, கொம்புள்ள எழுத்துகளை மட்டும் விரல் வைத்துப் பாருங்கள். பிரதம விருந்தினரின் பெயரை இரண்டு பேர் பாருங்கள். அழைப்பிதழில் ‘மேடை வடிவமைப்பு’ என்று உங்கள் குழுவின் பெயர் வருகிறதா என்பதையும் அப்போதே பார்ப்பதில் வெட்கமில்லை.

காசு, ஆட்கள்

விழா நடத்தும் மாணவர் மன்றத்தின் சிரேஷ்ட பொருளாளரான விரிவுரையாளர் கையெழுத்திடாமல் காசு வராது. ஆகவே விலைமனுவை வேலை தொடங்க முன் கொடுங்கள். அந்தக் கிழமை விலையைக் கேட்டு எழுதி, தூரிகை, ரேப், ஓட்டோக் கூலிக்கென்று பத்திலொரு பங்கு சேருங்கள். சொந்தக் காசை முற்பணமாகப் போட்டால் அது திரும்பி வரும்போது அடுத்த விழா வந்திருக்கும். பற்றுச்சீட்டு மன்றத்தின் பெயரில், திகதியோடு. ஹாட்வெயார்க் கடையில் “பில் வேணுமா?” என்று கேட்கும்போது ஓம் என்று சொல்லத் தயங்காதீர்கள். மரக்காலையிலும் ஓட்டோவிலும் பில் தரமாட்டார்கள். ஒரு வவுச்சர்ப் புத்தகம் கையில் வைத்து அங்கேயே கையொப்பம் வாங்குங்கள்.

இரவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து “இவங்க செய்வாங்க” என்று விட்டுப் போகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. விருப்பமில்லாதவரை அப்படி வேலை வாங்குவது பகிடிவதைதான், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். வேலையும் உருப்படாது; தூக்கக் கலக்கத்தில் ஒருவர் வாளியைத் தட்டிவிட்டால் மூன்று நாள் உழைப்புப் போச்சு. 24 அடித் திரைக்கு நான்கு பேர் போதும்: ஒருவர் நிறம் கலக்க, இருவர் பூச, ஒருவர் தூரத்தில் நின்று பார்க்க. விடுதிப் படலை பூட்டும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னர் பெண் பிள்ளைகளின் பங்கு முடியும்படி வேலையைப் பிரியுங்கள், கடைசி நேரச் சுத்தம் செய்தலை அவர்கள் தலையில் கட்டாமல்.

சனம் வர முன் திரையைப் படம் எடுங்கள். மண்டபத்தின் நடுக்கோட்டில் நின்று, வெள்ளை லைற் மட்டும் போட்டு, ஒன்று முழுதாக, மூன்று கிட்ட. இறுதியாண்டில் படைப்புக் கோவை சமர்ப்பிக்கும்போது விழாக் குழுவின் கைபேசிகளில் தேடினால் விருந்தினர்களின் முதுகுதான் கிடைக்கும்.

கழற்றிய திரையை மடிக்கக் கூடாது. நிழலில் ஒரு நாள் உலர்த்தி, நாலங்குல பி.வி.சி. பைப்பில் படம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, பழைய படுக்கை விரிப்பால் மூடி, நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். பசை கலந்த துணியைப் பூஞ்சணமும் கறையானும் தேடி வரும். மேலே வெள்ளை அடித்து அடுத்த விழாவுக்கும் பாவிக்கலாம், மூன்று தரம் வரை. நான்காம் பூச்சில் துணி பலகைபோல் விறைத்து வெடிக்கத் தொடங்கும். அப்போது மூன்றடித் துண்டுகளாக வெட்டி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், பயிற்சிக்குக் கன்வஸ் வாங்கும் காசு அவர்களுக்கு மிச்சம்.